கடைமடைச் சீமை: இராமநாதபுர மாவட்டத்தின் நீரும் நிலமும் மக்களும்

வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை, தேனியையும் மதுரையையும் கடந்து கிழக்கே ஓடி, இராமநாதபுரத்தின் பெரிய கண்மாயில் வந்து அடங்குகிறது. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் கண்மாயின் கலுங்கு என்ற வழிகாலைத் தாண்டி வழியும் நீர் ஆற்றங்கரை என்ற ஊருக்கு அருகே கடலைத் தொடும். மற்ற ஆண்டுகளில் ஆறு கடலைப் பார்ப்பதே இல்லை. கடலுக்கு இத்தனை அருகில் வந்தும் ஓர் ஆற்றின் கடைசிச் சொட்டு வரை கண்மாயில் ஏந்திக்கொண்ட நாடு இது. தமிழ்நாட்டின் தென்கிழக்கு மூலையில் உள்ள இந்த மாவட்டத்தின் வரலாற்றை நீர் வழியே தொடர்ந்தால்தான் மற்றவை விளங்கும்.

மாவட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 4,100 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 13 லட்சத்து 53 ஆயிரம். பத்தில் ஏழு பேர் கிராமங்களில் வாழ்கிறார்கள். வடகிழக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டுக்கும் நடுவில் பாம்பன் தீவு இலங்கையை நோக்கி நீண்டு கிடக்கிறது. ஏறக்குறைய 237 கிலோமீட்டர் நீளும் கடற்கரை மாநிலத்திலேயே மிக நீண்டவற்றுள் ஒன்று. மலை என்று சொல்ல எதுவும் இல்லை. நிலம் மேற்கிலிருந்து கடலை நோக்கி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லச் சரிகிறது. கமுதி, முதுகுளத்தூர் பக்கம் கரிசல், கரையோரத்தில் மணல், இடையே உவர் ஏறிய களிமண்.

ஆண்டுச் சராசரி மழை சுமார் 830 மில்லிமீட்டர். பாலைவனத்து அளவு அல்ல இது. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு என்பதால் கிணறு வெட்டித் தப்பிக்கவும் வழியில்லை. பெய்யும் நாளில் பிடித்து வைத்தால் ஆண்டு முழுவதும் பிழைப்பு. விட்டால் பத்து மாதம் வறட்சி. இந்தக் கணக்கை இங்கே குடியேறிய மக்கள் மிகப் பழங்காலத்திலேயே புரிந்துகொண்டார்கள். மண்ணின் மெல்லிய சரிவைக் குறுக்கே மறித்து, பிறை வடிவில் கரை எழுப்பி, நீரை நிறுத்தினார்கள். அதுதான் கண்மாய்.

இன்றைய மாவட்ட எல்லைக்குள் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் உள்ளன. ஊர்ப்பெயர்களே இதற்குச் சாட்சி. முதுகுளத்தூர் என்ற பெயருக்குள் பழைய குளம் ஒன்று இருக்கிறது. ‘ஏந்தல்’ என்று முடியும் சிற்றூர்கள் இந்தச் சீமையெங்கும் கிடக்கின்றன. ஏந்தல் என்றால் நீரை ஏந்தி நிற்கும் சிறு தேக்கம். குடிக்கும் நீருக்கு ஊருணி தனியாக இருந்தது. அதில் மாடு இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு.

ஒரு கண்மாய் தனியாக நிற்பதில்லை. மேலூர்க் கண்மாய் நிறைந்து கலுங்கில் வழியும் நீர் வரத்துக்கால் வழியாகக் கீழூர்க் கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அடுத்தது. இப்படிக் கோத்த மாலையாய்ப் பல கண்மாய்களைக் கடந்தே மழைநீர் கடலுக்குப் போனது. கலுங்கின் உயரம் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே எழுதாத ஒப்பந்தம். அதை ஒரு சாண் உயர்த்திக் கட்டினால் கீழூரின் விளைச்சல் போகும் என்பதால் கலுங்குக் கல்லுக்காக நடந்த வழக்குகளும் அடிதடிகளும் ஏராளம். கண்மாய்க்குள்ளே நிற்கும் கல்தூண்களுக்கு நடுவே குமிழி மடை இருக்கும். அதன் அடைப்பைத் திறக்க ஒருவர் நீருக்குள் மூழ்கித்தான் ஆக வேண்டும். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்று பார்த்துப் பாய்ச்சியவர் நீர்ப்பாய்ச்சி; அந்தப் பொறுப்பும் அதற்கான உரிமையும் நீராணிக்கம் எனப்பட்டன. அறுவடையில் அவருக்குத் தனிப் பங்கு உண்டு. பல ஊர்களில் இந்த வேலையைப் பள்ளர்களே பரம்பரையாகச் செய்தார்கள். இன்று தேவேந்திர குல வேளாளர் என்ற பெயரில் அறியப்படும் அம்மக்களின் கையில் தண்ணீர் இருந்தது, நிலம் பெரும்பாலும் இல்லை. இந்த மாவட்டத்தின் பிற்காலச் சச்சரவுகளைப் புரிந்துகொள்ள அந்த முரணை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ராஜசிங்கமங்கலம் கண்மாய் இவற்றுள் பேர்பெற்றது. பாண்டியர் காலத்தது என்று ஊர் நம்புகிறது. பெயரும் அதையே சொல்கிறது. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பது அதைப் பற்றிய வழக்கு. ஒரு மூச்சில் நாரையால் பறந்து கடக்க முடியாத அளவுக்கு நீண்ட கரை, அதில் 48 மடை.

கடற்கரையின் பழமை கண்மாய்களின் பழமைக்குக் குறைந்ததல்ல. வைகை முகத்துவாரத்துக்கு அருகே உள்ள அழகன்குளத்தில் 1980களில் தொடங்கிப் பலமுறை நடந்த அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளும், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த ஜாடிகளின் உடைசல்களும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. கப்பல் ஒன்றின் கோட்டுருவம் கீறிய ஓடும் அங்கே கிடைத்தது. பாண்டியரின் மதுரைக்கு வைகைக் கரையோரம் வந்து சேர்ந்த கடல் வணிகத்தின் வாசல் அது. ஆயிரம் ஆண்டு கழித்துத் தெற்குக் கரையில் பெரியபட்டினம் தலையெடுத்தது. 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் துண்டுகள் அந்த ஊர் மண்ணில் குவியலாகக் கிடைத்தன. அரபு நாட்டுக் குதிரை வந்து இறங்கியதும், மன்னார் வளைகுடா முத்து ஏறிச் சென்றதும் இந்தக் கரையிலிருந்த துறைகள் வழியாகத்தான்.

இலங்கை அருகிலிருந்ததால் போரும் இவ்வழியே வந்தது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாண்டிய அரியணைக்கு இருவர் போட்டியிட்டபோது, பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு தன் படைத்தலைவன் இலங்காபுரனை அனுப்பினான். அந்தப் படை இராமேசுவரத்தைக் கைப்பற்றி, குந்துகால் கரையில் கோட்டை கட்டியது. பிற்காலத்தில் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் தங்கள் காசுகளில் ‘சேது’ என்ற சொல்லைப் பொறித்தார்கள். கடல் நடுவே கிடந்தாலும் இரு கரையும் ஒரே உலகமாக இருந்த காலம் அது.

சேது என்ற அந்தச் சொல்லே இந்த நாட்டின் அரச மரபுக்கும் பெயர் தந்தது. 1605 வாக்கில் மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர், போகலூர் மறவர் தலைவரான சடைக்கனைச் சேதுபதியாக அமர்த்தினார். இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களைக் கள்வரிடமிருந்து காப்பதும், கலகம் செய்த பாளையங்களை அடக்குவதும் அவர் பொறுப்பு. நாயக்கருக்கு அடங்கிய காவல் தலைமையாகத் தொடங்கிய அது, இரண்டு தலைமுறைக்குள் தனி அரசின் தோரணை பெற்றது. இரண்டாம் சடைக்கன் காலத்தில் திருமலை நாயக்கரின் தளவாய் இராமப்பய்யன் பெரும்படையோடு வந்து பாம்பன் தீவு வரை போரிட வேண்டியிருந்தது. அந்தப் போரைப் பாடும் இராமப்பய்யன் அம்மானை என்ற நூல் இன்றும் கிடைக்கிறது.

சேதுபதிகளில் பெரியவர் 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஆண்டு 1710இல் மறைந்த ரகுநாத கிழவன் சேதுபதி. தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டியவர் அவர். அவர் காலத்தில் கீழக்கரையின் பெருவணிகர் சீதக்காதி என்ற செய்கு அப்துல் காதிர் அரசவையில் செல்வாக்கோடு இருந்தார். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்த அந்த வள்ளலின் பெயர், ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்ற பழமொழியில் தமிழ் பேசும் இடமெல்லாம் வாழ்கிறது. அதே கிழவன் சேதுபதியின் ஆட்சியில்தான் போர்த்துகீசியப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோ, அருளானந்தர் என்று தமிழர் அழைத்தவர், 1693 பிப்ரவரியில் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். மன்னரின் உறவினர் ஒருவர் மதம் மாறி மனைவியரில் ஒருத்தியைத் தவிர மற்றவரை விலக்கியதில் எழுந்த குடும்பப் பகை அதற்குக் காரணமாயிற்று. ஓரியூரின் செம்மணலை இன்றும் பக்தர்கள் எடுத்துச் செல்கிறார்கள். கிறிஸ்தவரும் அல்லாதவரும் அவர்களில் உண்டு.

கோயில் திருப்பணி சேதுபதிகளின் புகழுக்கு முதல் காரணம். இராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிரகாரம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்களோடு 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. கல் கிடைக்காத ஒரு மணல் தீவில் அத்தனை கல்லையும் கடல் கடத்திக் கொண்டுபோய் நிறுத்தியது சாதாரண வேலையல்ல. திருப்புல்லாணி, உத்திரகோசமங்கை கோயில்களுக்கு நிலம் விட்டதைப் போலவே ஏர்வாடி தர்காவுக்கும் பள்ளிவாசல்களுக்கும் சேதுபதிகள் கொடை அளித்தார்கள். இராமநாதபுரத்தில் உள்ள இராமலிங்க விலாசம் அரண்மனையின் சுவர்களில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஓவியங்கள் இருக்கின்றன. இராமாயணக் காட்சிகளுக்கு நடுவே தஞ்சை மராத்தியரோடு நடந்த போரும், மன்னரைக் காண வந்த ஐரோப்பியரும் அவற்றில் தெரிகின்றனர்.

ஆனால் குடியானவனுக்குக் கோயிலைவிட வாய்க்கால்தான் பெரிய கொடை. வைகையிலிருந்து நீர் கொண்டுபோகும் கூத்தன் கால், குண்டாற்றிலிருந்து பிரியும் ரகுநாத காவிரி ஆகியவை அம்மன்னர்களின் பெயரைச் சுமந்து இன்றும் வரைபடத்தில் இருக்கின்றன. வெட்டிய காலுக்குக் காவிரி என்று பெயர் வைத்ததில் இந்தச் சீமையின் ஏக்கம் முழுவதும் இருக்கிறது.

1730ஐ ஒட்டிய ஆண்டுகளில் வாரிசுப் போர் அரசைப் பிளந்தது. தஞ்சை மராத்தியரின் துணையோடு வென்றவர்கள் நாட்டை ஐந்து கூறாக்கினார்கள். மூன்று கூறு கட்டையத்தேவருக்கு இராமநாதபுரமாகவும், இரண்டு கூறு சசிவர்ணத்தேவருக்குச் சிவகங்கையாகவும் ஆயின; வடக்கே பாம்பாற்றுக்கு அப்பால் இருந்த பகுதியைத் தஞ்சை எடுத்துக்கொண்டது. 1772இல் ஆற்காட்டு நவாபும் கிழக்கிந்தியக் கம்பெனியும் சேர்ந்து இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தன. சிறுவனாயிருந்த முத்துராமலிங்க சேதுபதி தாயோடு திருச்சிக் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். சில ஆண்டு கழித்து நவாபே அவரை மீண்டும் அரியணையில் ஏற்ற நேர்ந்தது.

இந்த முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. மேற்கே அரபிக்கடலுக்கு வீணாக ஓடும் பெரியாற்று நீரை மலையைக் குடைந்து வைகைக்குத் திருப்பினால் சேதுச் சீமை பிழைக்கும் என்று 1789 வாக்கில் யோசித்து, இடம் பார்த்துவர ஆளும் அனுப்பினார். அதற்கு வேண்டிய பணம் சமஸ்தானத்திடம் இல்லை. நூறாண்டுக்குப் பிறகு, 1895இல், பென்னிகுக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை அதே யோசனையின் நிறைவேற்றம். ஆனால் அந்த நீர் கம்பம் பள்ளத்தாக்கையும் மதுரையையும் வளமாக்கியது. யாருக்காக முதலில் நினைக்கப்பட்டதோ அந்தக் கடைமடைக்கு மிச்சம்தான் வந்தது. இந்த மாவட்டத்தின் வரலாற்றில் இதைவிட வேதனையான நிகழ்ச்சிகள் உண்டு. இதைவிட நீண்டகாலம் பாதித்த நிகழ்ச்சி வேறில்லை.

1795இல் கம்பெனி முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து நீக்கியது. அவர் மீண்டும் நாடு திரும்பவே இல்லை. 1809இல் சென்னையில் கைதியாகவே இறந்தார். கலெக்டர் ஜாக்சன் 1798இல் வீரபாண்டிய கட்டபொம்மனை வரவழைத்துச் சந்தித்ததும், அது கைகலப்பில் முடிந்ததும் இதே இராமலிங்க விலாசத்தில்தான். மறு ஆண்டில் சேதுபதியின் பழைய பணியாளர் சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரர் முதுகுளத்தூர், அபிராமம், கமுதிப் பகுதி மக்களைத் திரட்டிக் கம்பெனியின் கச்சேரிகளையும் துணிக் கிடங்குகளையும் தாக்கினார். பிடிபட்டு 1802இல் தூக்கிலிடப்பட்டார். கட்டபொம்மனுக்கும் மருது சகோதரர்களுக்கும் கிடைத்த நினைவு இந்தப் பெயருக்குக் கிடைக்கவில்லை என்பது நியாயமில்லாதது.

1803இல் இராமநாதபுரம் ஜமீனாயிற்று. சேதுபதியின் சகோதரி மங்களேசுவரி நாச்சியார் முதல் ஜமீன்தாரிணி. இனி அரண்மனைக்குப் படை இல்லை, நீதி வழங்கும் அதிகாரமும் இல்லை. ஆண்டுதோறும் கட்ட வேண்டிய பேஷ்குஷ் என்ற கப்பம் மட்டும் இருந்தது. நீர் நிர்வாகத்தில் இந்த மாற்றம் ஆழமான காயத்தை உண்டாக்கியது. முன்பு விளைச்சலில் வாரம் பெற்ற அரசுக்குக் கண்மாய் நிறைவதில் நேரடி அக்கறை இருந்தது. ஜமீன் காலத்தில் மராமத்து யார் செய்வது என்று ஜமீனும் குடிகளும் நீதிமன்றத்தில் வாதாடத் தொடங்கினர். ஊரார் வீட்டுக்கு ஒருவராகச் சேர்ந்து வண்டல் அள்ளிக் கரை பலப்படுத்திய குடிமராமத்து தளர்ந்தது. 1858இல் சென்னை அரசு அதைச் சட்டமாக்கிக் கட்டாயப்படுத்தப் பார்த்தது. வழக்கமாய் இருந்தபோது நடந்த வேலை, சட்டமான பிறகு நடக்கவில்லை.

வழக்குகளே சமஸ்தானத்தின் பெரும் செலவாக இருந்தன. ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் செய்த சுவீகாரம் பற்றிய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கணவனின் முன் அனுமதி இல்லாவிட்டாலும் உறவினரின் சம்மதத்தோடு விதவை சுவீகாரம் செய்யலாம் என்று 1868இல் வந்த தீர்ப்பை, ‘ராம்நாடு வழக்கு’ என்ற பெயரில் இந்துச் சட்ட மாணவர்கள் பல தலைமுறையாகப் படித்தார்கள்.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் தூர்ந்த கண்மாய்களின் விலையைக் காட்டியது. அதற்கு முன்பே, 1830கள் தொட்டு, இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு இந்தச் சீமை மக்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தேவிபட்டினம், தொண்டி, பாம்பன் துறைகளில் தோணி ஏறி மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தவர்களில் பசியிலும் காலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனை என்று அவர்களை அழைத்துச் சென்ற எந்தக் கங்காணியும் கணக்கு வைக்கவில்லை. காப்பி போய்த் தேயிலை வந்தபோதும் ஓட்டம் நிற்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை அரசு மண்டபத்தில் ஒரு முகாம் அமைத்தது. தோட்டத்துக்குப் போகும் ஒவ்வொருவரும் அங்கே தங்கி, மருத்துவச் சோதனை முடித்துத்தான் கப்பலேற வேண்டும். மலையகத் தமிழர் பலரின் குடும்ப நினைவில் ‘மண்டபம் கேம்ப்’ இன்றும் ஓர் இடப்பெயரைவிடப் பெரியது. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த தமிழர்களும் அதே மண்டபத்தில்தான் தங்கவைக்கப்பட்டார்கள்.

பாஸ்கர சேதுபதியின் காலம், 1889 முதல் 1903 வரை, இராமநாதபுரத்துக்குக் கடைசி ஒளி. விவேகானந்தர் சிகாகோ செல்லத் தூண்டியவர்களில் ஒருவர் அவர். சுவாமி திரும்பி வந்து 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் இறங்கியபோது, ராஜாவே ஆட்களோடு சேர்ந்து அவர் வண்டியை இழுத்தார். அரச குடும்பத்தைச் சேர்ந்த பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அதே பாஸ்கர சேதுபதிதான் 1897இல் நாடார்கள் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்ததை எதிர்த்து, கோயிலின் பரம்பரை அறங்காவலராக வழக்குத் தொடுக்கப்பட்டபோது வாதியாக நின்றவர். வழக்கில் நாடார்கள் தோற்றார்கள். 1908இல் பிரிவி கவுன்சிலும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. தமிழ்ப் புரவலரும் கோயில் கதவை மூடியவரும் ஒருவரே என்பதை மறைக்காமல் சொல்வதே வரலாறு.

1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டம் உண்டாக்கப்பட்டது. சிவகாசியும் ஸ்ரீவில்லிபுத்தூரும் காரைக்குடியும் அதற்குள் இருந்தன. மாவட்டம் இப்படி விரிந்திருந்ததால் கலெக்டர் அலுவலகம் நெடுங்காலம் மதுரையிலேயே இயங்கியது. 1985இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகள் தனியானபோது, வளமான தொழில் நகரங்கள் எல்லாம் பிரிந்து போக, கண்மாயும் கடற்கரையும் இராமநாதபுரத்துக்கு மிஞ்சின.

1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். நடுவில் கப்பல் போக வழிவிடும் தூக்குப் பகுதியை ஆட்கள் கையால் சுற்றித் திறந்தார்கள். சென்னையில் ஒரே சீட்டு வாங்கி, ரயிலில் தனுஷ்கோடி போய், அங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலேறிக் கொழும்பு போகலாம். அந்த ‘போட் மெயில்’ ஐம்பது ஆண்டு ஓடியது. சுங்கச் சாவடி, தபால் நிலையம், பள்ளி, கோயில், தேவாலயம் என்று தனுஷ்கோடி ஒரு சிறு நகரமாயிற்று. 1964 டிசம்பர் 22 இரவு புயலோடு எழுந்த கடல் அந்த ஊரையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோனது. ரயிலில் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. சிதைந்த பாலத்தை இ. ஸ்ரீதரனின் தலைமையில் 46 நாளில் மறுபடி பூட்டினார்கள். தனுஷ்கோடியை வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. மீனவர் சிலர் அந்த அறிவிப்புக்குப் பிறகும் ஓலைக்குடிசை போட்டு அங்கேயே இருக்கிறார்கள். சாலைப் பாலம் 1988இல் வந்தது. பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் செங்குத்தாக உயரும் நடுப்பகுதியோடு புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

இந்தக் கரையின் மக்கள் பலவகைப்பட்டவர்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டியின் மரைக்காயர்கள் நூற்றாண்டுகளாகக் கடல் வணிகர். இன்று வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பணம் அவ்வூர்களின் முதுகெலும்பு. மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 15 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 7 விழுக்காடு. பரதவர், கடையர், வலையர் மீன்பிடிப்பிலும் சங்கு குளிப்பதிலும் பேர்பெற்றவர்கள். கீழக்கரைச் சங்கு வங்காளத்துக்குப் போய் மணமான பெண்களின் வளையலாகிறது. பாம்பன் தீவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். கையில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி இறங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறித்து வருவார்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, ஆவுளியா என்ற கடற்பசுவும் பவளப்பாறையும் காக்கப்பட வேண்டியவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் தலைமுறையாகத் தீவோரத்தில் பாசி எடுத்த பெண்கள் ஒரே நாளில் அத்துமீறியவர்கள் ஆனார்கள்.

பாக் நீரிணையில் நிலைமை இன்னும் கடினம். சேதுபதிகளின் ஜமீனைச் சேர்ந்திருந்த 285 ஏக்கர் கச்சத்தீவு, 1974 ஒப்பந்தப்படி இலங்கையுடையதாயிற்று. 1976 உடன்பாடு கடல் எல்லையை மேலும் இறுக்கியது. அங்குள்ள அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு இரு கரை மக்களும் இன்றும் போகிறார்கள். மீன்பிடிக்கப் போனவர்கள் சுடப்பட்டிருக்கிறார்கள், பிடிபட்டுச் சிறையிருக்கிறார்கள். இந்தப் பக்கத்து விசைப்படகின் இழுவை மடி, கடலடியை வழித்துத் தங்கள் வலையையும் அறுத்துப் போகிறது என்று வட இலங்கைத் தமிழ் மீனவர்கள் சொல்வதும் உண்மை. இராமேசுவரத்து நாட்டுப்படகுக்காரர்களும் அதே குறையைத்தான் சொல்கிறார்கள்.

உள்நாட்டில் நிலமும் சாதியும் பின்னிய கதை வேறு. மறவர்கள் மீது குற்றப் பரம்பரைச் சட்டம் சுமத்தப்பட்டதும், அதை எதிர்த்துப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெரும் தலைவராக எழுந்ததும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நடந்தவை. தீண்டாமைக்கு எதிராகவும் தேவேந்திரர்களின் மரியாதைக்காகவும் முதுகுளத்தூர்ப் பகுதியில் வேலை செய்த முன்னாள் படைவீரர் இம்மானுவேல் சேகரன், சமாதானக் கூட்டம் ஒன்றில் கலந்துகொண்ட மறுநாள், 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்துக் கீழத்தூவலில் போலீஸ் சுட்டதில் ஐந்து மறவர்கள் இறந்தனர். தொடர்ந்த கலவரத்தில் குடிசைகள் எரிந்தன. உயிரிழந்தவர்களில் தலித் மக்கள் பலர். கொலை வழக்கில் கைதான முத்துராமலிங்கத் தேவரை நீதிமன்றம் விடுவித்தது. செப்டம்பர் 11 பரமக்குடியிலும் அக்டோபர் 30 பசும்பொன்னிலும் லட்சக்கணக்கானோர் கூடும் நாட்களாக இன்றும் இருக்கின்றன.

1948 சட்டத்தால் ஜமீன் ஒழிந்தது; கண்மாய்கள் பொதுப்பணித் துறைக்கும் ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. 1959இல் வைகை அணை கட்டி முடிந்தது. அதற்குப் பிறகு இராமநாதபுரத்துக்கு ஆற்றில் வெள்ளம் வருவது என்பது அணையிலிருந்து பங்குநீர் திறப்பது என்றாயிற்று. நீர் குறைந்த கண்மாயில் சீமைக் கருவேலம் நுழைந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த இந்த முள்மரம், விறகுப் பஞ்சம் தீர்க்கவும் வெற்றுநிலம் மூடவும் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பரப்பப்பட்டது. உவரிலும் வறட்சியிலும் செழிக்கும் அது, வரத்துக்காலையும் கண்மாய் உள்வாயையும் தரிசையும் மூடியது. அதை வெறும் களையாகப் பார்ப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் இந்தச் சீமையின் அடுப்பு எரிந்தது கரிமூட்டத்தால்தான். ஏக்கர் கணக்கில் மரத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி, நாள் கணக்கில் புகைய விட்டு, கரியாக்கி லாரியில் ஏற்றும் தொழில் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் காத்தது. உழவை விழுங்கிய மரமே உழவனுக்குக் கூலி தந்தது.

அரசு ஊழியர் பேச்சில் ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல்’ என்றால் இராமநாதபுரம் என்று பொருள் விளங்கிய காலம் இந்தப் பிற்பட்ட காலம்தான். கண்மாய்க்கு மேல் கண்மாயாக வெட்டி வைத்த ஒரு நாட்டைப் பற்றி இப்படிச் சொன்னவர்களுக்கு, அது எப்படித் தண்ணீர் இல்லாமல் போனது என்று கேட்கத் தோன்றவில்லை.

இத்தனைக்கும் உழவு நின்றுவிடவில்லை. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த நிலத்தை உழுது புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். இந்தப் புழுதி விதைப்பில் ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் விளைகிறது. ஐப்பசி மழை பிந்தினால் விதை கருகும். மார்கழியில் கண்மாயில் நீர் இல்லாவிட்டால் பயிர் பொதி கட்டாமல் பதராகும். நெல்லுக்குத் துணை மிளகாய். உருண்டையான முண்டு மிளகாய் இந்த மண்ணின் தனிச் சொத்து. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பங்குனி, சித்திரையில் முதுகுளத்தூர், பரமக்குடிச் சாலைகளின் இருபுறமும் மிளகாய்க் களமாகச் சிவந்து கிடக்கும். சாயல்குடிப் பக்கம் பனங்காடு. தை முதல் ஆடி வரை பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுகிறார்கள். வாலிநோக்கம் கரையில் உப்பளம். பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் சௌராஷ்டிரர் தறி ஓடுகிறது.

அண்மைக் காலத்தில் சில மாறியிருக்கின்றன. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து குழாயில் நீர் கொண்டுவந்தபோது, தள்ளுவண்டியில் குடம் அடுக்கி மைல் கணக்கில் நடந்த பெண்களின் சுமை குறைந்தது, தீர்ந்துவிடவில்லை. 2016இல் கமுதி அருகே 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. 2018இல் நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்து மத்திய அரசு தயாரித்த பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற இரண்டில் இராமநாதபுரம் ஒன்று. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 2022இல் ராம்சர் ஈரநிலங்களாயின. மயிலப்பனின் ஊரான அந்தச் சித்திரங்குடியில், பறவைகள் வந்து தங்கும் பருவத்தில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று ஊரார் பல்லாண்டாகக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. எச்சம் கரைந்த நீர் வயலுக்கு உரமாகிறது.

2021 பிப்ரவரியில் காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கரூர் அருகே மாயனூர்க் கதவணையில் தொடங்கி, காவிரி வெள்ளத்தின் உபரியை 262 கிலோமீட்டர் தெற்கே கொண்டுவந்து குண்டாற்றில் சேர்ப்பது திட்டம். முதல் கட்ட வேலை புதுக்கோட்டைப் பக்கம் நடக்கிறது. குண்டாற்றின் கடைசிக் கண்மாய்கள் முதுகுளத்தூருக்கும் கடலாடிக்கும் இடையே இருக்கின்றன.